அம்மாவின் முட்டியும் என் தொப்புள்கொடியும்

என் அம்மாவுக்கு முட்டி வலி என்பதைக் கிளினிக்கில் யாரிடமும் சொல்லாமல் இரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். முட்டி வலிக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் வேலை செய்துகொண்டு இதை மறைப்பது லேசான காரியம் இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள், "உங்க வீட்ல யாருக்காவது இந்த ஊசி போட்டிருக்கீங்களாம்மா?" என்று. "எங்க வீட்ல யாருக்கும் முட்டி வலியே இல்ல சார்" என்பேன். அந்த நேரத்தில் எங்கள் ஊர் படாளத்தில் என் அம்மா காசியம்மாள் சத்துணவுக் கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முயன்றுகொண்டிருப்பாள்.

எங்கள் கிளினிக் மகாபலிபுரத்துக்குச் சற்று வடக்கே, ஈ.சி.ஆர். ஓரத்தில் இருக்கிறது. முன்பு ரிசார்ட்டாக இருந்த கட்டடம். நீச்சல் குளத்தை மண் போட்டு மூடி அதன்மேல் கார் நிறுத்துகிறார்கள். தொப்புள்கொடியிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை முட்டியிலும் தோளிலும் ஊசியாகப் போடுவோம். போடுவோம் என்று பெருமையாகச் சொல்கிறேன், ஊசி போடுவது டாக்டர் தாமோதரன். வந்தவர்களைப் பேசிப் பேசி அந்த ஊசி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை. கழுத்து அட்டையில் 'ஜெனிட்டா, நோயாளர் ஆலோசகர்' என்று போட்டிருக்கும். நர்சிங் படித்தவள் நான். செங்கல்பட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஐந்து வருடம் இருந்தேன். அங்கே தொப்புள்கொடியை வெட்டி வாளியில் போட்டவள் இங்கே அதன் மகிமையைப் பேசிச் சம்பளம் வாங்குகிறேன்.

சேர்ந்த முதல் வாரமே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். செல், புரதம், குருத்தெலும்பு என்று எவ்வளவு விளக்கினாலும் வருகிறவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் வாய்க்கு வந்தபடி இப்படிச் சொன்னேன்: "குழந்தைக்குக் காஞ்சு விழுந்த கொடியை வெள்ளித் தாயத்துல வெச்சு இடுப்புல கட்டுவாங்களே, எதுக்குங்க? பின்னாடி அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா அதுதான் மருந்துன்னு நம்ம பெரியவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதையேதான் இப்ப நாங்க லேப்ல பண்றோம்." எதிரே இருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். பிறகு தினமும் அதையே சொன்னேன். டாக்டர் கேட்டுவிட்டுச் சிரித்தார். அடுத்த மாதம் நோட்டீஸில் தாயத்துப் படத்தோடு அச்சடித்துவிட்டார்.

காய்ந்து சுருண்ட அந்தத் துணுக்கில் உயிரோடு ஒரு செல்லும் இருக்காது என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன், இப்போது மழுப்ப விரும்பவில்லை.

முட்டுக்காட்டிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வந்தார். மூன்று ஊசி போட்டுக்கொண்டவர். நாலாவது முறை வந்தபோது கைத்தடியை என் மேஜைமேல் வைத்துவிட்டு, "செல்லு இன்னும் வேலை செய்யலையேம்மா, நான் ஏதாவது பத்தியம் தவறிட்டேனா?" என்று கேட்டார். சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன். தன்மேல் தப்பு இருப்பதுபோல அவர் கேட்டதுதான் என்னைப் போட்டு வாட்டியது. "ஆறு மாசம் ஆகும் சார்" என்று அனுப்பி வைத்தேன். அன்றிலிருந்து எனக்கு நாற்காலியில் உட்கார முடிவதில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து போவேன், குடிக்காமல் திரும்பி வருவேன். நகம் கடிக்கிற பழக்கம் பள்ளிக்கூடத்தோடு போயிருந்தது, மறுபடி வந்து ஒட்டிக்கொண்டது.

மருந்து தெர்மோகோல் பெட்டியில் கூரியரில் வரும். குப்பிமேல் ஒரு எண் மட்டும் ஒட்டியிருக்கும். "இதுல எத்தனை செல் உயிரோட இருக்குன்னு யார் சார் பார்க்கிறாங்க?" என்று டாக்டரிடம் ஒருநாள் கேட்டேன். "நம்பிக்கைதான் பாதி மருந்து, ஜெனிட்டா" என்றார். மீதிப் பாதி எங்கே என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. இந்த மருத்துவமே பொய் என்று நான் சொல்லவில்லை. எங்கெங்கோ யாரோ ஒழுங்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறார்கள், நாளைக்கே பலிக்கவும் கூடும். எங்கள் பெட்டிக்குள் வருவது அதுதானா என்பது எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்தமாதிரி நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு ஐம்பத்தேழு வயது. பத்து வயதில் மற்றவர்கள் வயலில் நாற்று நடக் குனிந்தவள். இப்போது சத்துணவுக் கூடத்தில் உதவியாளர். தரையிலிருந்து சாம்பார் அண்டாவைத் தூக்க வேண்டும், கீழே உட்கார்ந்து காய் நறுக்க வேண்டும். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, உடற்பயிற்சி செய், எடையைக் குறை, அதிலும் சரியாகாவிட்டால் அரசுக் காப்பீட்டில் முட்டியை மாற்றிவிடலாம் என்று சொன்னார்கள். மாற்றுவது என்ற வார்த்தையிலேயே அம்மா பயந்துவிட்டாள்.

"முட்டிய அறுத்து இரும்பு வெப்பானாம். நான் இன்னா லாரியா?" என்பாள்.

அதோடு விட்டால் பரவாயில்லை. "உங்க டாக்டராண்ட எனுக்கு ஒரு ஊசி கேளேன்டி" என்று ஆரம்பிப்பாள். நான் செல்போனைப் பார்ப்பேன், துணி மடிப்பேன், அடுப்பைத் துடைப்பேன். துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைப்பேன்.

"காதுல வுழுதா இல்லியா?"

"அது உனக்குச் சரிப்படாதும்மா. பெரியாஸ்பத்திரில சொன்னதைச் செய்."

"ஊர்ல கீறவனுக்கெல்லாம் சரிப்படுது, பெத்தவளுக்குச் சரிப்படாதா? எனுக்கு வேல பூடுச்சின்னா நீதான் மூலைல ஒக்கார வெச்சி சோறு போடணும். அத்த நெனச்சிக்கோ."

நான் செய்கிற வேலை இன்னது என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் தெருவில் முதன்முதலில் நர்சிங் படித்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று அம்மா என்னைப்பற்றிப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். ஊசி வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால் அந்தப் பேச்சு அன்றோடு நின்றுவிடும். அவளுக்கு முட்டி வலித்தது, எனக்கு வெட்கமாக இருந்தது. நான் என் வெட்கத்தைத்தான் பார்த்துக்கொண்டேன்.

கடைசியில் அம்மா என்னைக் கேட்காமல் காரியத்தை முடித்துவிட்டாள். என் கைப்பையிலிருந்த நோட்டீஸை எடுத்து என் தம்பி ஆல்வினிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டு, வரவேற்பில் இருக்கும் சியாமளாவிடம், "நான் ஜெனிட்டா அம்மா பேசறேம்மா, எனுக்கு ரெண்டு முட்டியும் போச்சி" என்று சொல்லிவிட்டாள். சியாமளா அதைக் கொண்டுபோய் டாக்டரிடம் சொன்னாள்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது.

"ஏம்மா, இதைப் போய் மறைப்பியா? அம்மாவைக் கூட்டிட்டு வா. இலவசமாவே போட்டுடலாம். போடறதுக்கு முன்னாடி ஒரு வீடியோ, போட்டு ஒரு மாசம் கழிச்சு ஒரு வீடியோ. எங்க ஊழியரோட சொந்த அம்மாவே போட்டுக்கிட்டாங்கன்னா அதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும் சொல்லு."

"அவங்களுக்குச் சர்க்கரை கொஞ்சம் இருக்கு சார்" என்று இழுத்தேன்.

"யாருக்குத்தான் இல்ல?" என்றார். வியாழக்கிழமை பதினொரு மணி என்று சியாமளாவிடம் எழுதி வைக்கச் சொன்னார்.

வியாழக்கிழமை அம்மா ஆல்வின் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள். படாளம் கூட்ரோட்டிலிருந்து செங்கல்பட்டு, அங்கே இறங்கி மகாபலிபுரம் பஸ். வலது காலை மடக்க முடியாமல் பஸ்ஸின் நடைவழியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். போகிற வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தாண்டிப் போனார்கள். கண்டக்டர், "காலை உள்ள இழும்மா" என்றார்.

"உள்ள இழுக்க முடிஞ்சா நான் இன்னாத்துக்கு நைனா ஆஸ்பத்திரிக்குப் போறேன்?" என்றாள் அம்மா. பஸ்ஸே சிரித்தது. அன்று அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

திருக்கழுக்குன்றம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வந்தது, போனது. "ம்மா" என்றேன். "இன்னா?" என்றாள். "தண்ணி வேணுமா?" என்றேன். சவுக்குத் தோப்பு தாண்டியதும் மறுபடி "ம்மா" என்றேன். இந்த முறை அம்மாவே, "பயப்படாதடி, ஊசிக்கெல்லாம் நான் அழ மாட்டேன்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். பஸ் எங்காவது பஞ்சராகி நிற்காதா என்று வேண்டிக்கொண்டேன். என்றைக்கும் இல்லாமல் அன்று அது சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவை அவர்களோடு உட்காரவைத்துவிட்டு அறையைத் திறந்து வைக்க உள்ளே போனேன். என் அறையில் காமிராவை முக்காலியில் பொருத்தியிருந்தார்கள். ஒரு நிமிஷ வேலைக்குக் கால்மணி நேரம் எடுத்துக்கொண்டேன். மேஜையில் இருந்ததையெல்லாம் இடம் மாற்றி வைத்தேன். பிறகு வேறு வழி இல்லாமல் அம்மாவைக் கூப்பிட்டேன், கூடவே டாக்டரும் வந்துவிட்டார்.

"வாங்கம்மா, எங்க ஜெனிட்டாவோட அம்மாவா?" என்று கும்பிட்டார். அவ்வளவு பெரிய டாக்டர் கும்பிட்டதில் அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தவள், பர்ஸைத் திறந்து பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிரித்தால் கறுத்துப்போன வெள்ளித் தாயத்து.

"இது இவ கொடி சார். ஃபாதரு பாத்தா திட்டுவாருன்னு முப்பத்தோரு வருசமா அரிசி டப்பால போட்டு வெச்சிகினு கீறேன். ஊராமூட்டுப் புள்ள கொடி எனுக்கு இன்னாத்துக்கு? அது என் ஒடம்புல நிக்குமோ நிக்காதோ. இது நான் பெத்ததோடது. இத்த கரைச்சி போட்டுடு."

நான் டாக்டரைப் பார்த்தேன். 'அப்படிச் செய்ய முடியாதும்மா, இதில் ஒன்றும் இல்லை' என்று அவர் சொல்லியிருந்தால் போதும். மற்றதையெல்லாம் நான் விழுங்கியிருப்பேன், எப்போதும் போல. அவர் தாயத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"பிரமாதம்மா. இதையே அப்படியே காமிராவுக்குச் சொல்லுங்க. இதையும் சேர்த்துக்கலாம்." என் பக்கம் திரும்பி, "பேப்பரை முடிச்சிடு, நான் உள்ளே தயார் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வாயிலிருந்து வந்த கதைதான். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் எல்லாம் சுற்றிவிட்டு என் அம்மா கையிலேயே வந்து நின்றது. அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம்தான் அதிகம்.

பேப்பர் என்பது சம்மதப் படிவம். நாலு பக்கம், ஆங்கிலத்தில். மூன்று பக்கத்தைப் பின்னால் மடித்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டி, "இங்க ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்" என்று சொல்வது வழக்கம். என் கை தானாக மடித்தது. அம்மா பேனாவை வாங்கிக்கொண்டாள். அறிவொளி வகுப்பில் எழுதக் கற்றவள், கையெழுத்துப் போடுவதென்றால் அவளுக்கு அது ஒரு விசேஷம். 'கா' என்று எழுதித் துணைக்காலின் வளைவைச் சரி செய்துகொண்டிருந்தாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாடி?"

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கிறேன், கேளு."

மடித்த பக்கங்களைப் பிரித்தேன். தமிழாக்கிக்கொண்டே படித்தேன். "ஒன்று. இந்தச் சிகிச்சை இன்னும் ஆராய்ச்சி நிலையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். இரண்டு. இதனால் மூட்டு வீக்கமோ காய்ச்சலோ கிருமித் தொற்றோ வரக்கூடும். பல வருடம் கழித்து என்ன ஆகும் என்று தெரியாது. மூன்று. எனக்குப் பலன் கிடைக்கும் என்று இந்தக் கிளினிக்கின் ஊழியர் யாரும் உறுதி சொல்லவில்லை."

அம்மா பேனாவை மூடினாள்.

"இத்த யாரு எழுதனது?"

"கிளினிக்தான்."

"ஊழியர்னா யாரு?"

"நான்தான்."

தாயத்தை விரலால் என் பக்கம் நகர்த்தினாள். "அப்ப இது?"

"அதுல ஒண்ணும் இல்லம்மா. காஞ்சு போன தோல். அந்தக் கதையை நான்தான் கட்டிவிட்டேன். நோட்டீஸ்ல போட்டது என் பேச்சுதான்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வருசமா எனுக்கு வாணாம்னியே, இதுக்குத்தானா?"

"ஆமா."

"உனுக்கு எம்மேல பாசமே இல்லன்னு நெனச்சிகினு இருந்தேன்டி. ராவெல்லாம் அத்த நெனச்சி அழுதுகீறேன். ஏன் அழுவுறேன்னு கேட்டா முட்டி வலிக்குதுன்னு ஆல்வினாண்ட பொய் சொல்வேன்."

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அம்மாவின் முட்டிமேல் தலையை வைத்து அழுதேன். வலிக்குமே என்று உடனே தூக்கிக்கொண்டேன். மனசு லேசான மாதிரி இருந்தது. சொல்லிவிட்டோம், முடிந்தது, இனி வேலை போனால் போகட்டும் என்று நினைத்தேன்.

"வாம்மா, போயிடலாம். பின்பக்கம் ஒரு கதவு இருக்கு. திங்கக்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

அம்மா எழுந்திருக்கவில்லை. "இந்தக் காகிதத்த எத்தினி பேருக்குப் படிச்சி காட்டிகீற?"

நான் படிவத்தின் ஓரத்தை நீவினேன்.

"கேக்கறேன் இல்ல?"

"யாருக்கும் படிக்கல."

அம்மா தலையாட்டினாள். அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

"நீ உள்ள பூந்தப்போ வெளிய ஒரு பொம்பள எம்பக்கத்துல வந்து ஒக்காந்துச்சி. திருப்போரூராம். பயமா கீதும்மா, போட்டுக்கலாமான்னு கேட்டுச்சி. எம் பொண்ணுதான் இங்க பேசறா, பொய் சொல்ற பொண்ணு இல்ல, நம்பி போட்டுக்கோன்னு சொல்லிட்டு வந்துகீறேன். இப்ப பின்பக்கமா பூட்டா அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"நான் அப்புறம் போன் பண்ணி..."

"அப்புறம்னு எனுக்கு ரெண்டு வருசம் சொன்னே."

மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தாள். முட்டியில் எலும்பு உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. தாயத்தை எடுத்துப் பர்ஸில் போட்டுக்கொண்டு, படிவத்தை என் கையில் திணித்தாள். எனக்கு முன்னால் ஒவ்வொரு அடியாக விந்திக்கொண்டே போய்க் கதவைத் திறந்தாள். கூடத்தில் இருந்தவர்கள் பட்டுப்புடவையையும் பின்னால் அழுத முகத்தோடு வரும் என்னையும் பார்த்தார்கள். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் சியாமளா பாதி எழுந்து நின்றாள். உள் நடையிலிருந்து டாக்டரின் செருப்புச் சத்தம் வந்தது. "ஜெனிட்டா, முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்துகொண்டிருந்தார்.

அம்மா அந்தத் திருப்போரூர் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "எம் பொண்ணு ஒரு காகிதம் படிக்கும். கேட்டுட்டு அப்பால ஊசி போட்டுக்கோ" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓடிவிடலாம் போலிருந்தது. இத்தனை நாள் இதே கூடத்தில் எத்தனை பேருக்கு முன்னால் எவ்வளவு சரளமாகப் பேசியிருக்கிறேன்.

"ஒன்று," என்றேன். "இந்தச் சிகிச்சை இன்னும்..." என் குரல் தாளைத் தாண்டவில்லை.

"கேக்கல," என்றாள் அம்மா. "சத்தமா படி."